சாந்தா மாடியில் இருக்கிறாள்

பை என் மடியிலேயே இருக்கட்டும் அக்கா. குழந்தையையும் பையையும் வைத்துக்கொண்டு தடுமாறுகிறேனே என்று நல்ல மனசோடுதான் கேட்டீங்க. தப்பா எடுத்துக்காதீங்க. பஸ்ஸில் யார் எப்படி என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? உங்களைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

பிஸ்கெட்டும் வேண்டாம். பாப்பா பிஸ்கெட் சாப்பிடமாட்டாள். உங்கள் கையையே பார்க்கிறாள்தான், ஆனால் சாப்பிடமாட்டாள். பஸ்ஸில் யார் என்ன கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்று டி.வி.யில் காட்டினார்கள். நீங்களே ஒன்று எடுத்துச் சாப்பிட்டுக் காட்டினீங்க, சரி. அதே பாக்கெட்டில் அடுத்தது எப்படி இருக்கும் என்று நமக்கு என்ன தெரியும்?

எனக்குப் பேசவே வராது அக்கா. கூச்சம். எங்கள் தெருவில் என் குரலையே கேட்டிராதவர்கள் இருக்கிறார்கள். ரேஷன் கடை மிஷினில் கைரேகை விழவில்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து விரலைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு திரும்பப் போய் வரிசையில் நின்றேன். அப்படிப்பட்டவள். செங்கத்தில் ஏறினேன். ஊத்தங்கரையில் நீங்கள் ஏறுகிற வரைக்கும் கண்டக்டரிடம் "ஓசூர் ஒண்ணு" என்று சொன்னதோடு சரி. அதையே அவர் "இன்னாம்மா, எங்க?" என்று இரண்டு தடவை கேட்டார்.

நீங்கள் ஓசூரேதானா? அங்கேயே பிறந்து வளர்ந்ததா? அப்படியென்றால் ஒன்று கேட்கிறேன். ஓசூரில் சாந்தா என்று யாரையாவது தெரியுமா?

இல்லை இல்லை, வயசானவள் இல்லை. குரலை வைத்துச் சொல்கிறேன், இருபத்தைந்து இருக்கும். மாடியில் இருக்கிறாள்.

சிரிக்காதீங்க. அவ்வளவு பெரிய ஊரில் மாடி வீட்டுச் சாந்தாவை எங்கே போய்த் தேடுவாய் என்கிறீங்க. தேட வேண்டியதில்லை. வீடு எனக்குத் தெரியும். அவள் இருப்பது என் வீட்டுக்காரர் ரூமில்.

பார்த்தீங்களா, உங்களுக்கே சிரிப்பு நின்றுவிட்டது.

இந்தப் பையில் பாப்பாவின் துணி அத்தனையும் இருக்கிறது. தடுப்பூசி அட்டை இருக்கிறது. ஆதார் இருக்கிறது. தன்ஷிகா என்று வைத்த பெயரைத் தன்சிக்கா என்று அடித்துக்கொடுத்த ஆதார், அதுவாவது இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டேன். மாமியாரிடம், அவரைப் பார்த்துவிட்டு நாளைக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்தச் சாந்தாவை என் கண்ணால் பார்த்துவிட்டேன் என்றால் நாளைக்கு வரமாட்டேன். என்றைக்கும் வரமாட்டேன். அங்கிருந்தே பெங்களூர் பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். அண்ணனுக்குக் கட்டட வேலை, ஒரே அறை. அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். வைத்துக்கொள்ளட்டும்.

இதெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நீங்களும் யாரிடமும் சொல்லக் கூடாது.

என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். திருப்பதியில் எத்தனை மலை? ஆங், அதுதான் பெயர். கார் கதவுக்கு வைக்கிற ரப்பர் செய்கிற கம்பெனி. பொங்கலுக்கு வந்தார், ஐந்து நாள் இருந்தார். நல்ல மனுஷன்தான் அக்கா, பொய் சொல்லக் கூடாது. அப்பாவைப் பார்த்ததும் பாப்பா அழுதுவிட்டாள், அடையாளம் தெரியவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கிளம்பும்போது செங்கம் பஸ் ஸ்டாண்டில் நின்று சொன்னார்.

"கம்பெனிக்குள்ள போன் எடுத்துக்கினு போவக் கூடாது பச்ச. வாசல்ல பொட்டி இருக்கும், காலையில அதுல போட்டுப் பூட்டிடுவாங்க. மத்தியானம் ஒரு மணிக்கு அஞ்சு நிமிசம் முன்ன, சோத்துக்கு உடும்போது தருவாங்க. ஒன்றரைக்குத் திரும்ப வாங்கி வச்சிடுவாங்க. அதனால தெனமும் ஒரு மணிக்குப் பேசலாம். இன்னா?"

சரி என்றேன். என் பெயர் பச்சையம்மாள், அவர் பச்ச என்பார்.

ஒரு மணி எனக்கும் தோதுதான். பாப்பா தூங்குகிற நேரம். மாமியாருக்கு அப்போது சீரியல். மற்ற நேரத்தில் நான் போனைக் கையில் எடுத்தால் போதும், கீரை ஆய்வதைக்கூட நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பார்.

போன கையோடு இன்னொரு வேலையும் செய்தார். நம்பரை மாற்றிவிட்டார். பழைய சிம்முக்குக் கம்பெனிப் பக்கம் டவர் இல்லையாம். கூட வேலை செய்கிறவர் அத்திப்பள்ளியில் வாங்கிக் கொடுத்தாராம். சரி, டவர் இல்லை, மாற்றினார் என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது யோசித்துப் பார்க்கிறேன். டவர் இல்லை என்று எத்தனை பேர் நம்பரை மாற்றுகிறார்கள்? எங்கள் ஊரில் யாருக்குமே டவர் இல்லை. எல்லோரும் மொட்டைமாடியில் ஏறி நின்றுதான் பேசுகிறார்கள். யாராவது நம்பரை மாற்றினார்களா?

புது நம்பரை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டேன். ஐந்தாவதோடு நின்றவள், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் நம்பர் எனக்கு மறக்காது.

என் போன் இதோ, பட்டன் போன். அவருடைய பழசு. மூடி நிற்காது, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கே சமையற்கட்டில் போய் சிலிண்டர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். நம்பரை முன்கூட்டியே அடித்து வைத்துக்கொள்வேன். மணியையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஐம்பத்தொன்பது போய் ஒன்று வந்ததும் பச்சைப் பட்டன். முன்னே பின்னே ஒரு நொடி கிடையாது. அவருக்கு இருப்பதே அரை மணி நேரம், அதில் ஒரு நொடியை நான் வீணாக்குவேனா?

முதல் நாள் போட்டேன். மணிகூட அடிக்கவில்லை, உடனே எடுத்தாச்சு. எடுத்தது அவர் இல்லை. பெண் குரல்.

"நீவு" என்றாள்.

கட் பண்ணிவிட்டேன். கட் பண்ணினால் மட்டும் போதுமா? என் நம்பர் அவளுக்குத் தெரிந்திருக்குமே. திரும்பக் கூப்பிட்டுவிட்டால் என்ன பேசுவது? அதனால் சுவிட்ச் ஆஃப் பண்ணி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். மாமியார் படுத்த பிறகுதான் போனைப் போட்டேன்.

அடுத்த நாளும் அப்படித்தான். ஒரு மணி, பச்சைப் பட்டன், அவள். ஒரு நாளைக்கு ஒரு சொல் கூடுதலாகக் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்க, அதற்குமேல் என்னால் முடியாது, கை தானாகச் சிவப்புப் பட்டனுக்குப் போய்விடும். வேற்று மனுஷி குரலைக் கேட்டாலே எனக்கு வேர்க்கும். அப்படி நாலைந்து நாள் கேட்டதைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன். முதலில் "நீவு". அப்புறம் ஏதோ ஒன்று. அப்புறம் தெளிவாக, "மாடி". அடுத்தது "சாந்தா".

வேறு என்ன வேண்டும்? அவர் ரூம் மாடியில்தான். "மாடி ரூமு, வெயில் மண்டையப் பொளக்குது" என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். நீ யார், நான் மாடியிலிருந்து சாந்தா பேசுகிறேன் என்கிறாள். பாஷை தெரியவில்லை என்றால் அர்த்தமும் தெரியாதா?

ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு, "அவரு இல்லீங்களா?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன், மாமியார் காதில் விழக் கூடாதே. அவள் என் பேச்சைக் காதிலேயே வாங்கவில்லை. நான் கேட்கக் கேட்க அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறாள். என்ன திமிர் பாருங்க! கட்டினவள் நான் கேட்கிறேன். அவளுக்கு ஒரு பதற்றம் இல்லை, ஒரு தயக்கம் இல்லை. தினமும் அதே குரல், அதே தெம்பு.

மிஷினாக இருக்குமா? அதை நான் யோசிக்காமல் இருப்பேனா? மிஷின் தமிழில் பேசும் அக்கா. 'தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்' என்று டீச்சர் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்லும். இவள் சரவெடி மாதிரிப் பொரிகிறாள். அதோடு, மிஷினுக்கு யாராவது சாந்தா என்று பெயர் வைப்பார்களா?

தெருவில் பெட்ஷீட் விற்க ஓர் ஆள் வருவார், அவர் ஓசூர்ப் பக்கத்து ஆள்தான். 'நீவு' என்றால் என்ன என்று அவரிடம் கேட்கலாம் என்று வாசல் வரைக்கும் வந்தேன். "இன்னா கலரு வேணும்மா?" என்றார். உள்ளே போய்விட்டேன்.

என் வீட்டுக்காரர் சாயங்காலம் போன் போடுவார். ஆனால் அது மாமியார் போனுக்கு. மாமியார் அதை ஸ்பீக்கரில் போட்டு டி.வி. மேல் வைத்துவிட்டுத்தான் பேசுவார். ஊருக்கே கேட்கும். நான் பக்கத்தில் போகமாட்டேன். பத்து நாள் பார்த்துவிட்டு ஒரு சாயங்காலம் அவரே, "அவளக் கூப்புடும்மா" என்றார். நான் போய் நின்றேன்.

"மத்தியானத்துல யார்கிட்டடி பேசிக்கினு இருக்க?" என்றார்.

"நானா? யார்கிட்டயும் பேசலையே."

"போட்டா பிஸின்னு வருது. சரி, முடிக்கட்டும்னு ரெண்டு நிமிசம் களிச்சுப் போட்டா சுவிட்ச் ஆஃப். தெனமும் இதே கூத்து. ஒரு மணிக்கு அப்பிடி யாரு உனக்கு?"

எப்படி இருக்கிறது அக்கா? ரூமில் ஒருத்தியை வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறார்! தப்பு செய்கிறவர்கள்தான் முதலில் கேள்வி கேட்பார்கள். எனக்குப் போன் போட யார் இருக்கிறார்கள்? அவர் நம்பர், அண்ணன் நம்பர், சிலிண்டர் புக் பண்ணுகிற நம்பர். சிலிண்டருக்கும் பேச வேண்டியதில்லை, ஒன்றை அமுக்கினால் போதும். அதனால்தான் அதை நானே செய்கிறேன்.

மாமியார் பக்கத்திலேயே நிற்கிறார். எனவே சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"உங்க மாடியில வேற யாராவது இருக்காங்களா?"

"மாடியிலயா? நாங்க நாலு பேருதான்."

"பொம்பளைங்க?"

"இன்னாது? பேச்சிலர் ரூமுடி இது. பொம்பளைங்க எங்க வருவாங்க?"

"சாந்தான்னு யாரும் இல்லையா?"

அவர் கேட்கிறார் அக்கா, "சாந்தம்மாவா? கீழ மெஸ் வச்சிருக்காங்களே, அவங்களா? அவங்கள உனக்கு எப்பிடித் தெரியும்?"

உனக்கு எப்படித் தெரியும் என்றார்! இதைவிட என்ன வேண்டும்?

"அவங்களுக்கு அறுவது வயசு ஆவுதுடி. வாயில பல்லுகூட இல்ல. அவங்களுக்கு இன்னா இப்ப?"

பல் இல்லாத குரலா அது? முப்பத்திரண்டும் வரிசையாக இருக்கிற குரல். தினமும் கேட்கிறவள் நான். அறுபது வயசாம்! எதற்கும் ஒரு கிழவியைத் தயாராக வைத்திருக்கிறார் பாருங்க. "ஒண்ணும் இல்ல, சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். பின்னாலிருந்து மாமியார், "இன்னாடா அவ ஒரு மாதிரிப் பேசுறா?" என்று அவரிடம் கேட்பது காதில் விழுந்தது. அவர் என்ன சொன்னார் என்று விழவில்லை. குழாயைத் திறந்துவிட்டேன்.

அதற்கப்புறம் நானும் அவரும் பேசவில்லை. ஆனால் ஒரு மணிக்குப் போடுவதை நிறுத்தவில்லை. ஒரு நாளாவது அவர் எடுப்பாரா என்று பார்ப்பேன். ஒரே தடவைதான் போடுவேன். எனக்கும் ரோஷம் உண்டு. அவள் "நீவு" என்பாள். கட். ஆஃப்.

போனை ஆஃப் பண்ணி வைப்பதால் எனக்கு எத்தனை தொல்லை தெரியுமா? அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கப் போனால் இப்போதெல்லாம் முகத்தைப் போட்டோ எடுக்கிறார்கள், கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார்கள், அப்புறம் ஓ.டி.பி. கேட்கிறார்கள். ஒரு பாக்கெட் மாவுக்கு! "உன் போன் ஏம்மா எப்பவும் ஆஃப்லயே இருக்கு? யாருக்குப் பயந்து ஒளியுற?" என்று டீச்சர் எல்லோர் எதிரிலும் கேட்டார். சாந்தாவுக்கு என்று சொல்லவா முடியும்?

ஆஃப் பண்ணியதைத் திரும்பப் போட்டால் டொய்ங் என்று ஒரு மெசேஜ் வந்து விழும். தினமும் விழும். இங்கிலீஷில் இருக்கும். அதைத் திறந்தால் பேங்க்கில் இருப்பது போய்விடும் என்று எனக்குத் தெரியும். தெரியாத மெசேஜைத் தொடாதீங்க, யாரையும் நம்பாதீங்க என்று போன் போடும்போதெல்லாம் ஒருத்தர் பாடம் எடுத்தாரே, அதை நான் கடைசி வரைக்கும் கேட்டிருக்கிறேன். திறக்காமலே அழித்துவிடுவேன். இதுவரை இருபது இருபத்தைந்து அழித்திருப்பேன். பேங்க்கில் ஒன்றும் பெரிதாக இல்லை, இருந்தாலும் என்னிடம் ஏமாற்று வேலை நடக்காது.

என்ன அக்கா ஒரு மாதிரிப் பார்க்கிறீங்க? ஒன்றும் இல்லையா? சரி.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமையும் வருவதாக இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் மாமியாருக்குப் போன் வந்தது. பேசிவிட்டு வந்து மாமியார் சொன்னார், "அவன் வரலையாம். உன் மூஞ்சியப் பாக்கவே புடிக்கலையாம்." அவர் அப்படியே சொன்னாரா, மாமியார் கூட்டிச் சொன்னாரா, தெரியாது. "அவதான் எங்கிட்டப் பேசவே மாட்டேங்குறாளே, வந்து இன்னா பண்றது" என்றுதான் ஸ்பீக்கரில் என் காதில் விழுந்தது. இரண்டும் ஒன்றுதானே?

அன்றைக்கு முடிவு பண்ணினேன். இன்றைக்குக் கிளம்பிவிட்டேன். அவர் ரூம் அட்ரஸ் பாப்பா பிறந்தபோது எழுதிக்கொடுத்தது இருக்கிறது. சொல்லாமல் போய் நிற்கப் போகிறேன். நான் வருவது அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

மணி என்ன ஆச்சு? பன்னிரண்டு ஐம்பத்து நாலா? கிருஷ்ணகிரி வந்துவிடுமா?

அக்கா, ஓர் உதவி செய்வீங்களா? உங்கள் போனிலிருந்து ஒரு தடவை போட்டுப் பாருங்க. என் நம்பர்தான் அவளுக்குத் தெரியும், உங்கள் நம்பர் தெரியாது. உங்களுக்கு அந்த பாஷை வருமில்லையா? ஓசூரில் எல்லோருக்கும் இரண்டு மூன்று பாஷை வரும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவள் பேசினதும், நீ யாரு, அந்த ரூமில் உனக்கு என்ன வேலை என்று நறுக்கென்று கேளுங்க. என்னால் கேட்க முடியாததை நீங்கள் கேளுங்க. இன்றைக்கு நான் போடமாட்டேன். முதல் தடவையாக ஒரு மணிக்குச் சும்மா இருக்கப் போகிறேன். என் போன் இதோ மடியில் கிடக்கட்டும்.

இருங்க, இப்போது போடாதீங்க. ஒரு மணிக்குத்தான் போட வேண்டும். ஐம்பத்தேழு. நம்பர் சொல்கிறேன், அடித்து வைத்துக்கொள்ளுங்க. கடைசியில் நாலு நாலு எட்டு. சரி. ஐம்பத்தெட்டு. பாப்பா, சும்மா இரு, அத்தை போனைப் பிடுங்காதே. ஐம்பத்தொன்பது. ஸ்பீக்கரில் போடுங்க. ஒன்று! போடுங்க, போடுங்க!

கேட்டீங்களா? நீவு! கேட்டீங்களா? மாடி! இதோ, சாந்தா! நான் சொன்னேனே! கேளுங்க அக்கா, நீ யாருடி என்று கேளுங்க! ஏன் சிரிக்கிறீங்க? என் குடி முழுகிக்கொண்டிருக்கிறது, நீங்கள் சிரிக்கிறீங்களே!

என்ன? மிஷினா?

கன்னட மிஷினா?

திரும்பச் சொல்லுங்க. நீவு என்றால் நீங்கள். கரெ மாடிருவ என்றால், கூப்பிட்டிருக்கிற. மாடி இல்லையா அது? சரி. சாந்தா? சந்தாதாரரு. சந்தாதாரர் என்றால்? போன் வைத்திருக்கிற ஆளா? எங்கள் ஊரில் கேபிளுக்குக் கட்டுகிறோமே, அந்தச் சந்தாவா?

அப்படியென்றால் சாந்தா இல்லை.

அத்திப்பள்ளி கர்நாடகா, சிம் அங்கே வாங்கியது, அதனால் கன்னடத்தில் சொல்கிறது. சரி. புரிகிறது. நீங்கள் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்கிறேன். மீதியையும் சொல்லுங்க. நீங்கள் கூப்பிட்டிருக்கிற ஆள், அப்புறம்? வேறு ஒருத்தரோடு பேசிக்கொண்டிருக்கிறார்?

அவர் வேறு ஒருத்தரோடு பேசிக்கொண்டிருக்கிறார். தினமும், நான் போட்ட அத்தனை நாளும், ஒரு மணி அடித்ததும், வேறு ஒருத்தரோடு. சாந்தா இல்லை, சரி. அப்போது இது யாரு அக்கா? பெயர்கூடத் தெரியாத ஒருத்தி. இதற்குச் சாந்தாவே தேவலையே! போனைக் கையில் வாங்கினதும் முதல் போன் எவளுக்கோ போகிறதே, அவள் யாரு? இப்போது, இந்த நிமிஷம், யாருக்குப் போட்டு...

இருங்க அக்கா. என் போன் அடிக்கிறது.

யாராக இருக்கும் இந்த நேரத்தில்? இந்த நேரத்தில் எனக்கு யாருமே போட்டதில்லையே. பெயர் வருகிறது. பி. ஏ. பி... பாப்பா அப்பா. அவர் அப்படித்தான் அடித்து வைத்திருக்கிறார். எடுக்கட்டுமா? எடுத்து என்ன சொல்வது? நீங்கள் பேசுகிறீங்களா? சரி, சரி, நானே எடுக்கிறேன்.

"அலோ... நான்தான்... ம்... இங்கதான் இருக்கேன், வேற எங்க இருப்பேன்?... இல்ல, ஆஃப் பண்ணல... நீங்கதான் யார்கிட்டயோ பேசிக்கினு இருந்தீங்க, பிஸின்னு வந்துச்சு... எனக்கா?... தெனமுமா?... ஒரு மணிக்கா?... நானும் அப்பதான போட்டேன்... ஆமா, கரெக்டா ஒண்ணு ஆனதும்... நீங்களுமா?... அழுவல... அழுவலங்க, சளி... சத்தமா? அது டி.வி. சத்தங்க... சீரியல்ல பஸ்ஸுல போறாங்க..."

பாருங்க இந்தக் கண்டக்டரை! "கிருஷ்ணகிரியெல்லாம் எறங்கு, சீக்கிரம் எறங்கு" என்று இப்போதுதானா கத்த வேண்டும்?

"அலோ?... கிருஷ்ணகிரியா? அது வந்து... அலோ? அலோ?"

கட் ஆகிவிட்டது. டவர் போய்விட்டது.

அக்கா, அவர் சொல்கிறார், ஒரு மாசத்தில் இன்றைக்குத்தான் என் போன் மணி அடிக்கிறதாம். பெட்டியிலிருந்து போனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி ஆகட்டும் என்று பார்த்துக்கொண்டே நிற்பாராம். முன்னால் போட்டால் பாப்பா எழுந்துவிடுவாளோ என்று. பிஸி வரும். அப்புறம் ஆஃப் என்று வரும். அப்புறம் போனைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சாப்பிடுவாராம், ஆறின சோற்றை. நான் அழித்தேனே இருபத்தைந்து மெசேஜ், அது என்னவென்று இப்போது நீங்கள் சொல்ல வேண்டாம். எனக்கே தெரிகிறது. சொல்லாதீங்க.

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில், ஒரு மணிக்குப் பேசலாம் என்றார் அக்கா. நீ போடு என்று சொல்லவில்லை. நான் போடுகிறேன் என்றும் சொல்லவில்லை. பேசலாம் என்றார், நானும் சரி என்றேன். யார் போடுவது என்று இரண்டு பேருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது கிருஷ்ணகிரி என்று கேட்டிருக்கும் அவருக்கு. செங்கத்துச் சமையற்கட்டில் கிருஷ்ணகிரி எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டிருப்பார். இருக்கட்டும், ஒரு மாசம் நான் பட்டதை அவர் ஐந்து நிமிஷம் படட்டும். இல்லை, பாவம். டவர் வந்துவிட்டது, இரண்டு கோடு காட்டுகிறது. போட்டுவிடுகிறேன்.

சத்தம் போடாதீங்க. அவள் பேசுகிறாள். நீவு... இன்றைக்குக் கட் பண்ணவில்லை அக்கா, முழுசாகக் கேட்கிறேன். நல்ல குரல்தான். இவள் முடித்த பிறகு இங்கிலீஷில் வேறு ஒருத்தி வருகிறாள், இது எனக்குத் தெரியவே தெரியாது. இத்தனை நாள் அவள் சொல்லவந்ததைச் சொல்லவே விடவில்லை நான்.

வேறு ஒருத்தரோடு பேசிக்கொண்டிருக்கிறாராம்.

எனக்குத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் கட் பண்ணிவிட்டுச் சும்மா இருந்தால்தான் அவர் போன் உள்ளே வருமா? சரி. சும்மா இருக்கிறேன். ஆனால் அவரும் இதையே யோசித்துச் சும்மா இருந்துவிட்டால்? ஒரு நிமிஷம் பார்க்கலாம் என்கிறீங்களா? பார்க்கலாம். பாப்பாவுக்கு அந்த பிஸ்கெட் ஒன்று கொடுங்க. நீங்கள் சாப்பிட்டுக் காட்ட வேண்டாம்.

பெங்களூருக்கெல்லாம் போகவில்லை. ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், அவரைப் பார்த்துவிட்டே வருகிறேன். அந்த மெஸ்ஸில் ஒரு சாப்பாடும் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். சும்மாதான். அறுபது வயசு, பல் இல்லை என்றாரே, அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டால் மனசுக்கு நிம்மதி.

அக்கா, அடிக்கிறது. அவர்தான். இந்தப் பையைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?